நீர் மாத்திரை வந்த கதை

உங்கள் சொந்தத்திலோ, பக்கத்து ஃப்ளாட்டிலோ யாராவது இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறார் என்று வையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகப் பார்க்கப் போகிறீர்கள். என்ன பேச்சு ஓடும்? மார்பெலும்பைப் பிளந்தார்களாமே, எத்தனை மணி நேரம் ஆச்சு? போட்டது உலோக வால்வா, மாட்டுத் திசுவில் செய்ததா? டாக்டர் யாரு? எத்தனை லட்சம்?

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். காலை, மதியம், ராத்திரி என்று பிரித்துப் போட்ட மாத்திரைகள். அதில் சின்னதாக, வெள்ளையாக ஒன்று. விலை, ஒரு டீ குடிக்கிற காசுகூட ஆகாது. அதைப் பற்றி மட்டும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஆனால், ஆபரேஷன் ஆனவரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தையல் வலியைவிட அந்த மாத்திரையைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார். 'போட்ட ஒரு மணி நேரத்துல பாத்ரூம். வந்து உட்கார்றதுக்குள்ள மறுபடி பாத்ரூம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை தடவைதான் எழுந்து போறது?'

நம் ஊரில் அதற்கு நீர் மாத்திரை என்று பெயர். வெளியூர்ப் பயணமா, கல்யாண வீடா, முதலில் நிறுத்தப்படுவது அதுதான். கால் கொஞ்சம் வீங்கினால், டாக்டரைக் கேட்காமல் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளப்படுவதும் அதுதான். வால்வுக்குக் கிடைக்கிற மரியாதையில் நூற்றில் ஒரு பங்கு அதற்குக் கிடையாது. இந்த வாரம் அந்த மாத்திரையின் கதை.

கதையை ஒரு கத்தரிக்கோலில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

லண்டன், 1784-ம் வருடம். ஆங்கிலத்துக்கு அகராதி எழுதிப் புகழின் உச்சிக்குப் போன சாமுவேல் ஜான்சனுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. மூச்சு வாங்குகிறது. படுத்தால் திணறல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழிக்கிறார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு விட்டது. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் இதை டிராப்ஸி என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு தனி வியாதி. பெயர் சொன்னாலே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் பூராவும் ஜான்சன் பிரார்த்தனையில் உட்கார்ந்தார். திடீரென்று சிறுநீர் பிரிய ஆரம்பித்தது. சாதாரணமாக இல்லை, இருபது பைன்ட்! நம் கணக்கில் கிட்டத்தட்ட பத்து லிட்டர். வீக்கம் வடிந்தது, மூச்சு திரும்பியது. கடவுளின் கருணை என்றே அவர் நம்பினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் கடல் வெங்காயம் என்கிற ஒரு கிழங்கின் சாறும் உண்டு. நம்மூர் நரி வெங்காயத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். எது வேலை செய்ததோ, ஒரு வசந்த காலத்தையும் ஒரு கோடையையும் அவர் கூடுதலாகப் பார்த்துவிட்டார்.

வருடக் கடைசியில் நீர் திரும்ப வந்தது. இந்தத் தடவை எந்தக் கிழங்கும் பலிக்கவில்லை. காலில் கத்தியால் கீறி நீரை வடிய விடுவதுதான் அன்றைய கடைசி வைத்தியம். சர்ஜன் வந்தார். கிழவருக்கு வலிக்குமே, புண் அழுகிவிடுமே என்று பயந்து மேலோட்டமாகக் கீறினார். ஜான்சனுக்குப் போதவில்லை. இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று கேட்டார். டிசம்பர் 13-ம் தேதி, பக்கத்தில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, படுக்கையிலிருந்தபடியே ஒரு கத்தியையும் அப்புறம் ஒரு கத்தரிக்கோலையும் எடுத்துத் தன் கெண்டைக்காலில் தானே குத்திக்கொண்டார். தற்கொலை முயற்சி இல்லை. நேர் எதிர். சாக விருப்பமில்லாத ஒரு மனிதர், உள்ளே தேங்கின நீரை எப்படியாவது வெளியே விட்டாக வேண்டும் என்று செய்த காரியம்.

அன்று மாலை இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தார்கள். இதயம் மிகப் பெரிதாக ஊதியிருந்தது. அதிலிருந்து கிளம்புகிற மகாதமனியின் வால்வு எலும்பு மாதிரி இறுக ஆரம்பித்திருந்தது.

கவனித்தீர்களா? வால்வு.

வால்வு கெட்டால் காலில் ஏன் நீர் சேர வேண்டும்? இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தத்தை ஒரே திசையில் அனுப்புகிற ஒருவழிக் கதவுகள். கதவு சரியாகத் திறக்காவிட்டாலோ, மூடாமல் கசிந்தாலோ, இதயம் தம் கட்டி அடித்தும் முன்னால் போகிற ரத்தம் குறைகிறது. பின்னால் நெரிசல் ஏற்படுகிறது. இதில் கிட்னி ஒரு முட்டாள்தனம் செய்கிறது பாருங்கள், அதுதான் விஷயமே. கிட்னிக்குக் கண் கிடையாது. தன்னிடம் வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தத்தை வைத்துத்தான் உடம்பின் நிலவரத்தை அது ஊகிக்கும். வரத்து குறைந்தால், 'ஆளுக்கு அடிபட்டு ரத்தம் போகிறது, இல்லை பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறான்' என்று முடிவு கட்டி, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குகை மனிதன் காலத்தில் அது சரியான புத்தி. வால்வு கெட்டவர் விஷயத்தில், ஏற்கெனவே வெள்ளம் வந்த ஊருக்கு அணையைத் திறந்துவிட்ட கதை. மிஞ்சின நீர் காலுக்குப் போகிறது, வயிற்றுக்குப் போகிறது, நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலுக்குள் போனால், கட்டிலில் படுத்தபடியே மூழ்க வேண்டியதுதான்.

ஜான்சன் இறந்த அடுத்த வருடமே, 1785-ல், பர்மிங்ஹாம் டாக்டர் வில்லியம் விதரிங் ஒரு புத்தகம் போட்டார். ஜான்சன் பிறந்த லிச்ஃபீல்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பது சரித்திரத்தின் குசும்பு. ஷ்ராப்ஷயர் பக்கத்துக் கிழவி ஒருத்தி குடும்ப ரகசியமாக வைத்திருந்த பச்சிலைக் கஷாயம், டாக்டர்கள் கைவிட்ட டிராப்ஸி நோயாளிகளைக் குணப்படுத்துகிறது என்று கேள்விப்பட்டு, அதிலிருந்த இருபது சொச்சம் மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்கிளவ் என்கிற ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார் விதரிங். டிஜிட்டாலிஸ் அதிலிருந்து வந்த மருந்து. அது இதயத்தை அடிக்க வைக்கிற மருந்து. நோயாளிகள் சிறுநீராகக் கொட்டியதைப் பார்த்த விதரிங்குக்கே அது நேராக நீரைப் பிரிக்கிற மருந்தோ என்று சந்தேகம் இருந்தது. அளவு கொஞ்சம் கூடினால் ஆள் காலி. அதனால் கத்தி கீறலும் கூடவே தொடர்ந்தது. விக்டோரியா ராணி காலத்தில், ரெஜினால்ட் சதே என்ற டாக்டர் காலின் தோலுக்கடியில் செருகுகிற மெல்லிய வெள்ளிக் குழாய்களைக் கொண்டுவந்தார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலிலிருந்து கீழே பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும், மணிக்கணக்கில். (இந்த சதேதான் 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயி கரோலுக்கு போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். மனுஷர் எதையெல்லாம் செய்திருக்கிறார்!) சதேயின் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தன.

அடுத்த காட்சி, வியன்னா. 1919 அக்டோபர். முதல் உலகப்போரில் தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, ரொட்டிக்கும் கரிக்கும் க்யூ நிற்கிற வியன்னா. அங்கே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஆல்ஃபிரட் ஃபோகல் என்று ஒரு மூன்றாம் வருட மருத்துவ மாணவர். அவர் பொறுப்பில் ஓர் இளம்பெண். பிறவியிலேயே சிஃபிலிஸ் தொற்றியவள். அதற்குப் பாதரச ஊசி போட வேண்டும். ஃபோகல் மருந்துச் சீட்டில் எழுதிய பாதரச உப்பு தண்ணீரில் கரையாது என்று மருந்துக்கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அசடு வழிய நின்றவருக்கு, வார்டில் இருந்த ஒரு ரிட்டயர்டு ராணுவ டாக்டர் கைகொடுத்தார். 'புதுசா ஒரு பாதரச மருந்து சாம்பிள் வந்திருக்கு. இதைப் போட்டுப் பாரேன்.' மருந்தின் பெயர் நோவாசுரால்.

போட்டார். சிஃபிலிஸுக்கு அது என்ன செய்ததோ, அது வேறு கதை. அந்த வார்டு நர்ஸுகளுக்கு ஒரு பழக்கம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நோயாளியின் ஒரு நாள் சிறுநீர் அளவைச் சார்ட்டில் குறித்து வைப்பார்கள். சார்ட்டைப் புரட்டிய ஃபோகல், அரை லிட்டருக்குள்ளே கிடந்த கோடு ஊசி போட்ட நாளில் சடாரென்று மேலே ஏறியிருப்பதைப் பார்த்தார். ஊசியை நிறுத்தினால் இறங்குகிறது. போட்டால் ஏறுகிறது. சந்தேகம் தீர, நீர் கோத்து ஊதிப்போய்க் கிடந்த ஓர் இதய நோயாளிக்கு அதே ஊசியைப் போட்டார்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேல் கொட்டியது.

ஜான்சனுக்குப் பிரார்த்தனை நாளில் நடந்த அதே கணக்கு. இந்தத் தடவை ஊசி முனையில், வேண்டும்போது நடந்தது.

1920-லிருந்து 1950-கள் வரை உலகம் பூரா இதய நோயாளிகளின் கதி பாதரச ஊசிதான். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, டாக்டரைத் தேடிப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறிக்கொண்டு வந்தவர் மறுநாள் நடந்து போவார். ஆனால் பாதரசம் பாதரசம்தான். கிட்னியே கெட்டுப் போகும். சில பேர் ஊசி போட்ட நிமிஷமே சரிந்து செத்ததும் உண்டு. பாம்பைக் கையில் பிடித்து எலியை விரட்டுகிற மாதிரி ஒரு வைத்தியம்.

விஷமில்லாத ஒன்று வேண்டும். அதுவும் வாயில் போட்டு விழுங்குகிற மாதிரி வேண்டும். வழி காட்டியது சல்ஃபா மாத்திரை. 1930-களில் கிருமிகளைக் கொல்ல வந்த சல்ஃபாவைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடுகிறது என்று கவனித்தார்கள். கிட்னியில் அது எதையோ நோண்டுகிறது என்று அர்த்தம். 1949-ல் வில்லியம் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர், நீர் கோத்த மூன்று இதய நோயாளிகளுக்கு சல்ஃபாவைக் கொடுத்துப் பார்த்தார். நீர் வடிந்தது. ஆனால், அத்தனை டோஸில் மருந்தே நஞ்சாகிவிடும் என்பதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் மெர்க் கம்பெனியில் கார்ல் பேயர் என்பவரின் குழு வருடக்கணக்கில் தேடியது. 1957-ல் குளோரோதயாசைடு என்ற மருந்து கிடைத்தது. அடுத்த வருடம் மருந்துக்கடைக்கு வந்தது. சாதாரண உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர்.

இந்தக் குடும்பத்து வாரிசு ஒன்றை நீங்கள் ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் சந்தித்திருப்பீர்கள். 2003 உலகக் கோப்பை தொடங்கின வேகத்தில் ஷேன் வார்ன் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா திரும்பினாரே, அவர் விழுங்கியது நீர் மாத்திரைதான். ஒல்லியாகத் தெரியட்டும் என்று அம்மா கொடுத்தார் என்றார். ஒரு வருஷத் தடை. ஊக்க மருந்து போட்டவர்கள் சிறுநீரை நீர்க்க அடித்துத் தப்பிக்க இதைப் பயன்படுத்துவதால், விளையாட்டு உலகில் இதற்குப் பெரிய தடை. வார்னை விடுங்கள், வால்வுக்கு வருவோம்.

மாத்திரை ஒரு பக்கம் இப்படி வளர்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் சர்ஜன்கள் இதயத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர், துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டிப்போன வால்வைத் தடவி விலக்கினார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனாலும் அவருக்கு அடுத்த நோயாளியை அனுப்ப எந்த டாக்டருக்கும் தைரியம் வரவில்லை. 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பெண்ணின் இதயத்தைத் திறந்து உள்ளே இருந்த ஓட்டையைத் தைத்தார். கதவு திறந்துவிட்டது.

1958-ல் ஓரிகன் மாகாணத்தின் போர்ட்லண்ட் நகரில், ஆல்பர்ட் ஸ்டார் என்கிற இளம் சர்ஜனைத் தேடி லோவெல் எட்வர்ட்ஸ் என்ற வயசான இன்ஜினீயர் ஒருவர் வந்தார். இரண்டாம் உலகப்போர் விமானங்களுக்கு எரிபொருள் பம்ப் வடிவமைத்துச் சம்பாதித்தவர். 'செயற்கை இதயம் செய்யலாம் வா' என்றார். ஸ்டாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முழு இதயம் எல்லாம் அப்புறம், முதலில் ஒரே ஒரு வால்வு செய்து காட்டுங்கள் என்றார். இரண்டு வருடத்தில் ஒரு கூண்டு, அதற்குள் மேலும் கீழும் ஓடுகிற ஒரு சிலிகான் பந்து தயார். பந்து ஏறினால் ரத்தம் போகும். இறங்கி உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

1960 ஆகஸ்டில் முதல் நோயாளி, ஒரு பெண். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சில மணி நேரம் கழித்து, புரட்டிப் படுக்க வைத்தபோது இதயத்துக்குள் மிச்சமிருந்த காற்றுக் குமிழி மூளைக்குப் போய் இறந்துவிட்டார். செப்டம்பர் 21-ம் தேதி இரண்டாவது நோயாளி. ஐம்பத்திரண்டு வயது, லாரிகளை அனுப்புகிற ஆபீஸில் வேலை. அவர் பிழைத்தார். பத்து வருஷம் நன்றாக இருந்துவிட்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு கடைசிவரை ஒழுங்காக ஓடியது!

தேதிகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். விழுங்குகிற மாத்திரை 1957-58. செயற்கை வால்வு 1960. ஒன்றை ஒன்று தெரியாமல் ஓடிவந்த இரண்டு வண்டிகள் ஒரே ஸ்டேஷனில் வந்து நின்ற மாதிரி. இது வெறும் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால், பாதரச ஊசியை மட்டும் நம்பி வால்வு ஆபரேஷன் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். காரணம் இருக்கிறது.

கெட்ட வால்வை எடுத்துவிட்டுப் புதுசு போட்டாச்சு. நீர் தேங்கக் காரணமே போய்விட்டது. அப்புறம் எதற்கு நீர் மாத்திரை? ஆபரேஷன் ஆன வீடுகளில் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பதில், கிப்பனின் மெஷினுக்குள் இருக்கிறது. இதயத்தை நிறுத்துகிற நேரத்தில் ரத்தம் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக மெஷினுக்குள் போய் வருகிறது. அந்தக் குழாய்களைக் காலியாக வைக்க முடியாது. ஆரம்ப காலத்தில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஊற்றி நிரப்பினார்கள். 1960 வாக்கில் உப்பு நீர், குளுக்கோஸ் நீர் வகையறாவால் நிரப்பலாம் என்று ஆயிற்று. அந்த ஒன்றரை லிட்டர் சொச்சமும் நோயாளியின் ரத்தத்தோடுதான் கலக்கிறது. பிரஷர் இறங்காமல் இருக்க டிரிப்ஸ் வேறு. ஐயோ பாவம், ரத்தத்துக்கு பிளாஸ்டிக் அந்நியப் பொருள். அதைத் தொட்டதும் உடம்பு முழுக்க ஒரு கலவரம் மூண்டு, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கொஞ்சம் ஓட்டையாகி, நீர் வெளியே கசிந்து தசையிலும் நுரையீரலிலும் தங்கிவிடுகிறது. இதெல்லாம் போதாதென்று, நெஞ்சைப் பிளந்த அதிர்ச்சியில் சுரக்கிற ஹார்மோன்கள் நம் கண்ணில்லாத கிட்னிக்குப் பழைய உத்தரவையே போடுகின்றன. விடாதே, பிடி!

ஆபரேஷனுக்கு மறுநாள் நோயாளியின் எடையைப் பார்த்தால் உள்ளே போனதைவிடச் சில கிலோ கூட இருப்பது சகஜம். சாப்பிடவே இல்லையே, எப்படி ஏறும்? அத்தனையும் தண்ணீர். வருஷக்கணக்கில் வீங்கிப்போன இதயம் ஒரே ராத்திரியில் சுருங்கிப் பழைய அளவுக்கு வராது. வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் இதயத்தின் தலையில் நாலைந்து லிட்டர் கூடுதல் சுமையை வைக்கக் கூடாது. அந்தச் சுமையை இறக்கத்தான் நீர் மாத்திரை. பலருக்குச் சில வாரங்களில் நிறுத்திவிடுவார்கள். இதயம் ரொம்பவே தளர்ந்து போனவர்களுக்கு வருஷக்கணக்கில் தொடரும்.

அதற்கு குளோரோதயாசைடு பல சமயம் போதவில்லை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் ஹெக்ஸ்ட் என்கிற கம்பெனி 1959-ல் உருவாக்கி, 1964-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபுரோசமைடுதான் அந்த இடத்தைப் பிடித்தது. நீங்கள் டப்பாவில் பார்க்கிற லாசிக்ஸ் அதுதான். இதுவும் சல்ஃபாவின் பங்காளிதான். அதனால்தான் சல்ஃபா அலர்ஜி உண்டா என்று டாக்டர் முன்கூட்டியே கேட்பார். நம் இரண்டு கிட்னிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராகப் போக, மீதியெல்லாம் உள்ளேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. இதில் கால் பங்கு உப்பைத் திரும்பப் பெறுகிற இடம், ஹென்லே வளைவு என்கிற ஊக்கு மாதிரி வளைந்த குழாய். ஃபுரோசமைடு நேராக அங்கே போய் ஷட்டரை இழுத்து மூடிவிடுகிறது. குளோரோதயாசைடு வேலை செய்வது அதைத் தாண்டி, வெறும் ஐந்து சதவிகிதம் உப்பு திரும்புகிற இடத்தில். வித்தியாசம் புரிகிறதல்லவா? அதனால்தான் அந்த ஓட்டம்.

எதற்கும் ஒரு விலை உண்டு. போகிற தண்ணீரோடு பொட்டாசியமும் போகிறது. இதயத்தின் துடிப்பு தாளம் தப்பாமல் இருக்கப் பொட்டாசியம் முக்கியம். வால்வு ஆபரேஷனுக்கு அடுத்த சில நாட்களில் இதயம் தாளம் தப்பி ஓடுவது ரொம்ப சகஜம். அதில் பொட்டாசியமும் குறைந்தால் கேட்க வேண்டாம். கூடவே விதரிங்கின் டிஜிட்டாலிஸ் வேறு சாப்பிடுகிறவராக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஐ.சி.யூ.வில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதில் பார்ப்பது முக்கியமாக இதைத்தான். இதைச் சமாளிக்க, பொட்டாசியத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் விடுகிற ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து 1959-ல் வந்தது. நம் ஊரில் இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தே விற்கிறார்கள். இங்கேதான் ஒரு வம்பு. 'நீர் மாத்திரை சாப்பிடுறவங்க இளநீர் குடிக்கணும், வாழைப்பழம் சாப்பிடணும்' என்று யாரோ சொல்லக் கேட்டு, இந்த இரண்டாவது வகையைச் சாப்பிடுகிறவரும் தினம் இரண்டு இளநீர் ஏற்றினால், பொட்டாசியம் எல்லை மீறிப் போகும். குறைந்தாலும் தாளம் தப்பும், கூடினாலும் தப்பும். உங்கள் டப்பாவில் இருப்பது எந்த வகை என்று டாக்டரைக் கேட்காமல் இளநீர்க்காரரைத் தேடாதீர்கள்.

நீரை அளவுக்கு மீறி இழுத்தாலும் தொல்லைதான். எழுந்து நின்றால் கண் இருட்டும். பிரஷர் இறங்கும். கிட்னிக்கு ரத்தம் போதாமல் ஆகும். மகாதமனி வால்வு சுருங்கிப் போயிருந்தவர்களின் இதயச் சுவர் தடித்துப் போயிருக்கும். அவர்களால் வறட்சியைத் தாங்கவே முடியாது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறதே என்று இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

வால்வு வியாதி நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. சின்ன வயதில் தொண்டை வலியோடு ஆரம்பிக்கிற ருமாட்டிக் காய்ச்சல், எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் வால்வைத் தின்றிருக்கிறது. இறக்குமதி வால்வு அவர்களுக்கு எட்டாத விலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழு உள்நாட்டு வால்வு செய்ய இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று டிசைன்கள் வரிசையாகத் தோற்றன. ஆடுகளில் சோதித்துத் தேறின நாலாவது டிசைன் 1990 டிசம்பர் 6-ம் தேதி முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. அதைத் தயாரித்து விற்க முன்வந்தது நம் சென்னை டி.டி.கே. குழுமம். ஆமாம், பிரஷர் குக்கர் செய்கிறவர்களேதான். வால்வு அவர்களுக்குப் புதுசா என்ன! அந்த வால்வைப் பொருத்திக்கொண்டு வீடு போனவர்கள் கையிலும் மற்ற மருந்துகளோடு நீர் மாத்திரைச் சீட்டு ஒன்று இருந்திருக்கும்.

அந்தச் சீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதினால், பெரும்பாலும் காலை எட்டு மணி, மதியம் இரண்டு மணி என்று இருக்கும். மற்ற மாத்திரைகளைப் போல் காலை, ராத்திரி என்று இருக்காது. லாசிக்ஸ் என்ற பெயரே, ஆறு மணி நேரம் நீடிக்கும் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. பெயருக்குக் காரணம் அதுவோ இல்லையோ, வாய்வழியாகப் போட்டால் வேலை செய்வது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்தான். எட்டு மணிக்குப் போட்டது இரண்டு மணிக்கு ஓயும். இரண்டு மணிக்குப் போட்டது எட்டு மணிக்கு ஓயும். அப்புறம், நெஞ்சில் தையல் போட்ட மனிதர் ராத்திரி எழுந்து இருட்டில் பாத்ரூமைத் தேடாமல் தூங்கலாம். காலையில் பல் தேய்த்துவிட்டு, டிபனுக்கு முன்னால் எடை மெஷினில் ஏறி நின்று, நம்பரைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது கொழுப்பு இல்லை. அந்தக் காலண்டரோடு டாக்டரிடம் போக வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற அன்றைக்கு என்ன செய்வது, எத்தனை மணிக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் சொல்வார்.